உதடு மூடும் எழுத்துகள்

உங்கள் வாய்க்கு டப்பிங் பேசுவது சுலபமாக இருக்கும் என்று நினைக்கிறேன். பேசும்போது உங்கள் மேலுதடு அதிகம் அசைவதில்லை. குறையாகச் சொல்லவில்லை. அடுத்தவர் வாயைப் பார்த்தே பிழைப்பு நடத்தியவள் நான், யார் வந்து எதிரில் உட்கார்ந்தாலும் கண் முதலில் அங்கேதான் போகும். காபி ஆறுகிறது, குடியுங்கள்.

திரைப்படக் காப்பகத்திலிருந்து வருவதாகச் சொன்னீர்கள். நம்புகிறேன். ஆனால் காப்பகத்துக்காரர்கள் வந்தால் செத்துப்போன இயக்குநரின் விதவையிடம் பழைய புகைப்படம் ஏதாவது இருக்கிறதா என்றுதான் கேட்பார்கள். நீங்கள் கோட்டைக்கூடக் கழற்றாமல், "அந்தச் சொல் மலாபோ என்று உங்களுக்கு எப்போது தெரிந்தது?" என்று கேட்டீர்கள். ஒலிப்பதிவாளர் எவரிஸ்தோவின் மகள் ஒரு டேப் கொடுத்ததாகவும், ஒரு பழைய படத்தில் என் குரலை எடுத்துவிட்டு அதில் நடித்த பெண்ணின் சொந்தக் குரலையே வைக்கப்போவதாகவும் சொன்னீர்கள். இதற்கெல்லாம் என்னைக் கேட்க வேண்டியதே இல்லையே. அப்படியானால் வேறு எதற்கோ வந்திருக்கிறீர்கள். பரவாயில்லை, பதில் சொல்கிறேன். என் வரிசையில் சொல்வேன், அவ்வளவுதான்.

அந்தக் காலத்தில் எங்கள் நாட்டில் நடிகர்களின் சொந்தக் குரலோடு படம் வெளியே போவது அபூர்வம். வெளிநாட்டுப் படம் மட்டுமல்ல, எங்கள் படங்களுக்கும் அதே கதைதான். எடுத்துவிட்டு வருவார்கள், மத்ரீத் ஸ்டுடியோவில் இருட்டு அறையில் நாங்கள் பேசுவோம். உதட்டுக்குப் பொருந்துகிற மாதிரி வசனம் எழுதுவதும் என் வேலை, பெண்களுக்குப் பேசுவதும் என் வேலை. வாய் ஒன்று சொல்லும், தணிக்கைக்காரர்கள் இன்னொன்று சொல்லச் சொல்வார்கள். காலையில் ஒருத்தியின் படுக்கையறையிலிருந்து சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு வெளியே வருகிறவனை நான் எத்தனையோ படங்களில் டாக்டராக மாற்றியிருக்கிறேன். அந்தப் படங்களை நம்பினால் ஸ்பெயின் தேசத்துப் பெண்கள் எல்லோரும் தீராத வியாதிக்காரிகள்.

முனகலும் நான்தான். திரையில் பெருமூச்சு விட்ட பெண்களில் பாதிப் பேர் என் தொண்டையில்தான் விட்டார்கள். வீட்டில் அப்படி இல்லை. கல்யாணமான புதிதில் ஒருமுறை என்னையறியாமல் ஒரு சத்தம் வந்தது. பாப்லோ விளக்கைப் போட்டு, "துலி, இது ஸ்டுடியோ இல்ல" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அதற்குப் பிறகு நான் வீட்டில் சத்தம் போட்டதில்லை. ஒப்துலியா என்ற பெண் சத்தம் போடாத பெண் என்று அவர் நினைத்துக்கொண்டார், நானும் நினைத்துக்கொண்டேன்.

எழுபத்தைந்தாம் வருஷத்து வசந்தத்தில் பாப்லோ அந்தத் தோட்ட முதலாளி படத்தை எடுத்தார். கினியாவில் கொக்கோ தோட்டம் வைத்திருக்கும் ஸ்பானியன், அவன்மேல் மோகம் கொள்ளும் கறுப்புப் பெண். ஆப்பிரிக்காவுக்குப் போக வசதி இல்லை. அல்முஞேகர் கடற்கரைப் பக்கம் கரும்பும் சீதாமரமும் இருக்கின்றன, அதையே ஆப்பிரிக்கா ஆக்கினார்கள். கறுப்புப் பெண்ணுக்கு மட்டும் நிஜமான ஒருத்தி வேண்டும் என்று தயாரிப்பாளர் பிடிவாதம் பிடித்தார்.

அப்படி வந்தவள்தான் த்ரினிதாத் போலேக்கா, அதற்கு முன் ஒரு படத்தில் சின்ன வேஷம் போட்டவள். கினியா எங்கள் காலனியாக இருந்த காலத்தில் நர்ஸ் படிப்புக்கு மத்ரீதுக்கு வந்தவள். பிறகு அந்த நாடு தனியாகப் போயிற்று. அங்கே ஒருவன் ஆட்சிக்கு வந்து படித்தவர்களையெல்லாம் தேடித் தேடிக் கொல்ல ஆரம்பித்தான். அவள் அப்பாவைக் கொன்றுவிட்டார்கள் என்று யாரோ சொன்னார்கள். எங்கள் பத்திரிகைகளில் அதெல்லாம் வராது, எழுதக் கூடாது என்று உத்தரவு. அவளுடைய ஸ்பானிய பாஸ்போர்ட் செல்லாது என்று ஆகிவிட்டது, வேறு பாஸ்போர்ட்டும் கிடையாது. இங்கே இருக்கலாமா கூடாதா என்று யாருக்கும் தெரியாத நிலையில் இருந்தாள். இது படப்பிடிப்புக் குழுவில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான்.

அவள் அழகி. அதைச் சொல்வதில் எனக்கு ஒன்றும் இல்லை. நான் முதல் வாரம் அங்கே இருந்தேன். பாப்லோ மேக்கப்காரனிடம், "இன்னும் கறுப்பா வேணும், காமிராவுல பத்தல" என்றார்.

"இதுக்கு மேல கறுப்பு வேணும்னா அடுப்புக்கரியத்தான் நடிக்க வைக்கணும், தோன் பாப்லோ" என்றாள் அவள். "எங்க ஊர்க்காரங்க இந்தப் படத்தப் பாத்தா, யாருடி இந்தப் பொண்ணுன்னு கேப்பாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். பாப்லோவும் சிரித்தார். அவர் சிரித்த விதத்தை நான் கவனித்துக்கொண்டேன்.

அவள் என்னிடம் மரியாதையாகத்தான் இருந்தாள், பெயருக்கு முன்னால் 'தோஞா' போட்டுத்தான் கூப்பிடுவாள். ஒருநாள் மதியம் கருவாட்டைக் கடித்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "தோஞா துலியா, என் குரல்ல என்ன குறை? நான் நல்லாத்தான பேசறேன். கன்னியாஸ்திரிங்க பிரம்பால அடிச்சுச் சொல்லிக்குடுத்த ஸ்பானிஷ் இது."

"குறை ஒண்ணும் இல்லம்மா. ரொம்ப நல்லாப் பேசற, அதான் பிரச்சனை. காட்டுப் பொண்ணு இவ்வளவு சுத்தமாப் பேசினா யாரு நம்புவாங்க?"

அவள் கருவாட்டைக் கீழே வைத்தாள். பிறகு, "அப்ப நீங்க எனக்காகத் தப்பாப் பேசப்போறீங்க" என்றாள். ஆமாம் என்றேன். அவளுக்காக நானே உட்கார்ந்து ஒரு உடைந்த மொழியை எழுதினேன். 'நான் உன்னோடு இரு. நான் உன்னை வேண்டு.' மக்கள் அதை மிகவும் ரசித்தார்கள்.

அந்த நாட்களில் இந்த மாதிரிக் காட்சிகளை இரண்டு தடவை எடுப்பார்கள். ஸ்பெயினுக்கு உடுப்போடு ஒன்று, வெளிநாட்டுக்கு உடுப்பில்லாமல் ஒன்று. "வெள்ளைப் பொண்ணு அவுத்தா பாவம், கறுப்புப் பொண்ணு அவுத்தா பூகோள பாடம்" என்று பாப்லோ தயாரிப்பாளரிடம் சொல்லிச் சிரித்தது எனக்கு நினைவிருக்கிறது. இங்கேயே இரண்டாவது பிரதியைக் காட்ட அனுமதி வாங்கிவிடலாம் என்று அவருக்கு ஒரு கணக்கு இருந்தது. அந்தக் காட்சியை எடுக்கும் நாளில் நான் மத்ரீதுக்குத் திரும்பிவிட்டேன். திரும்பச் சொன்னது அவர். ஏன் சொன்னார் என்று ரயிலில் முழுக்க யோசித்துக்கொண்டு வந்தேன்.

அவர் வீட்டுக்கு வந்தபோது கோட்டின் கைப்பட்டையில் கறுப்பாக ஒரு தீற்றல் இருந்தது.

"இது என்ன?"

"மேக்கப்."

"மேக்கப் போடறதுக்குத்தான் தனியா ஒரு ஆள் இருக்கானே?"

"துலி, பருப்பு ஆறுது, சாப்பிடு."

நான் சாப்பிட்டேன். கோட்டைப் பெட்ரோல் போட்டு நானே துடைத்தேன். அதற்குப் பிறகு அவர் போன் பேசும்போது கதவுக்கு இந்தப் பக்கம் நிற்க ஆரம்பித்தேன். இது தவறு என்று நீங்கள் நினைக்கலாம். ஒரு மனைவிக்கு வேறு என்ன வழி இருக்கிறது என்று நீங்கள்தான் சொல்லுங்கள்.

ரீல்கள் வந்தன. உடுப்புள்ள பிரதியில், நாங்கள் கேட்டுப் பேசுவதற்காகப் படப்பிடிப்பிலேயே பதிந்த வழிகாட்டி ஒலி இருந்தது. உடுப்பில்லாததில் இல்லை, அறையில் இரண்டு மூன்று பேர் மட்டும், ஒலிப்பதிவு கிடையாது, வாயை அசைத்தால் போதும் என்று எடுத்திருந்தார்கள். நான் தனியாக உட்கார்ந்து அதை ஓட்டினேன். அவள் படுத்திருக்கிறாள். கதாநாயகனின் முதுகு தெரிகிறது. ஆனால் அவள் பார்ப்பது அவனை அல்ல. காமிராவுக்குப் பின்னால் நிற்கும் யாரையோ பார்க்கிறாள். கண் நனைந்திருக்கிறது. உதடு பேசுகிறது.

என் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மௌனப் படத்தில் வாயைப் படிக்கும்போது பாதி எழுத்துகள் தெரியாது. நாக்கு உள்ளே செய்வதைக் காமிரா பார்க்காது. நாங்கள் பிடித்துக்கொள்வது உதடு மூடும் எழுத்துகளைத்தான். பகரம், மகரம். இரண்டும் பார்வைக்கு ஒன்றுதான். அவள் வாய் முதலில் திறந்தது: ஆ. பிறகு உதடு மூடி, அகலமாகத் திறந்து, மறுபடி மூடி, குவிந்தது. கடைசியில் 'நோ', அதாவது வேண்டாம். மறுபடி மறுபடி அதையேதான் சொன்னாள். ஆ, பாப்லோ, நோ. ஆ, பாப்லோ, நோ.

காமிராவுக்குப் பின்னால் நின்றவர் என் கணவர். கொஞ்சலாக 'வேண்டாம்' சொல்வது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், நான் அதைத் தொழிலாகச் செய்தவள். ஒருபோதும் நான் அவர் பெயரை அப்படிச் சொன்னதில்லை. சொல்ல விட்டதில்லை அவர்.

அதே ரீலை மலாபோ என்றும் படிக்கலாம், ஒத்துக்கொள்கிறேன். மகரத்தில் மூடி, பகரத்தில் மூடி, ஓகாரத்தில் குவியும். நடுவில் வரும் லகரம் வெளியே தெரியாது. முன்னால் வரும் 'ஆ' எங்கள் மொழியில் பெருமூச்சும் ஆகும், 'ஊருக்கு' என்பதில் வரும் 'க்கு'வும் ஆகும். ஆனால் கினியாவின் தலைநகரான அந்த ஊரை நாங்கள் எல்லோரும் சாந்தா இசபெல் என்றுதான் சொல்வோம். மலாபோ என்று அங்கே ஆட்சிக்கு வந்த அந்த ஆள் பெயர் மாற்றி இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. த்ரினியே பேச்சில் சாந்தா இசபெல் என்றுதான் சொல்வாள், அங்கேதான் பிறந்தாள். அப்படியிருக்க, ஒரு படுக்கையறைக் காட்சியில் ஒருத்தி ஊர்ப் பெயரையா சொல்லிக்கொண்டிருப்பாள் என்று எனக்கு எப்படித் தோன்றும்? எந்த டப்பிங்காரியைக் கேட்டாலும் பாப்லோ என்றுதான் சொல்வாள். இது தொழில் பிழை. இதற்காக யாரையும் தூக்கில் போட முடியாது.

அன்று மாலை தெருமுனை பாரிலிருந்து போலீஸுக்குப் போன் செய்தேன். பெயர் சொல்லவில்லை. கினியாவிலிருந்து வந்த ஒருத்தி செல்லாத காகிதத்தோடு இன்ன விடுதியில் தங்கியிருக்கிறாள், நிர்வாணமாக நடிக்கிறாள் என்று மட்டும் சொன்னேன். இரண்டும் உண்மை. நான் பொய் சொல்லவில்லை என்பதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். அவர்கள் அவளை அடிக்கவில்லை. வாரக் கடைசிக்குள் நாட்டை விட்டுப் போக வேண்டும் என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள்.

பிறகு அந்தக் காட்சிக்குப் பேசினேன். படத்தில் கதாநாயகன் பெயர் அதுவரை ரிகார்தோ. மற்ற காட்சிகளுக்கு இன்னும் யாரும் பேசியிருக்கவில்லை, அதனால் அவனைப் பாப்லோ என்று மாற்றுவதில் சிரமம் இல்லை. உதடு அதைத்தானே சொல்கிறது. இருட்டில் நின்று, அந்தப் பெரிய கறுப்பு முகத்தைப் பார்த்துக்கொண்டு, ஆ பாப்லோ என்று சொன்னேன். என் வாழ்க்கையிலேயே நான் செய்த சிறந்த வேலை அது. முடிந்தபோது முதுகில் வேர்த்திருந்தது, சந்தோஷமாக இருந்தது. வெட்கப்படாமல் சொல்கிறேன், அவ்வளவு சந்தோஷமாக நான் என் படுக்கையில் இருந்ததில்லை.

பாப்லோ வந்து போட்டுப் பார்த்தார். முதலில் சிகரெட்டைப் பற்றவைக்காமலே கையில் வைத்துக்கொண்டிருந்தார். என் குரலில் அவர் பெயர் வந்ததும் அவர் தோள் இறங்கியது. "நல்லா இருக்கு. இதுவே இருக்கட்டும்" என்றார். மாட்டிக்கொண்டவனின் முகம் அல்ல அது. தப்பித்தவனின் முகம். அதையும் நான் கவனித்துக்கொண்டேன்.

மறுநாள் த்ரினி ஸ்டுடியோவுக்கு வந்தாள். முகம் வீங்கியிருந்தது. "தோஞா துலியா, ஒரே ஒரு உதவி. எங்க விடுதியில போன் கிடையாது. அமைச்சகத்துல ஒரு பெரியவர் நல்லவரா இருக்காரு, கன்னியாஸ்திரிங்க அவருகிட்டப் பேசியிருக்காங்க. அங்க போனா உயிர் போயிடும்னு நான் என் வாயால சொன்னா, என் ஃபைலை அப்படியே நிறுத்தி வெக்கறாராம். இன்னிக்குப் போன் பண்ணுவாரு. இந்த நம்பரைத்தான் குடுத்திருக்கேன்."

"அதுக்கென்னம்மா. உக்காரு."

"உங்களுக்குத் தொந்தரவு இல்லையே?"

"ஒரு தொந்தரவும் இல்ல. போன் வந்தா கூப்பிடறேன்."

அவளை நடைபாதை பெஞ்சில் உட்கார வைத்தேன். ஒரு கோப்பை சாக்லேட் கொண்டுவந்து கொடுத்தேன். உள்ளே போய்க் கதவைச் சாத்தி, ஒலிப்பதிவு நடக்கிறது என்ற சிவப்பு விளக்கைப் போட்டேன். அந்த விளக்கு எரிந்தால் யாரும் கதவைத் தட்ட மாட்டார்கள், அவளும் தட்டவில்லை. நல்ல ஒழுக்கமான பெண்.

போன் வந்தது. அந்தப் பெரியவர் நிஜமாகவே நல்லவர். அவளுடைய முந்தைய படம் ஒன்றைப் பார்த்திருந்தார், அதிலும் அவளுக்குப் பேசியது நான்தான். "செஞோரீதா போலேக்கா, குரலைக் கேட்டதுமே தெரிஞ்சுபோச்சு" என்றார். பிறகு மெதுவாக, "பயப்படாமச் சொல்லும்மா. ஊருக்குப் போறதுல உனக்கு இஷ்டமா, இல்ல பயமா இருக்கா?" என்று கேட்டார்.

"இஷ்டம்தான், ஐயா" என்றேன். "அம்மாவைப் பாத்து ரொம்ப நாளாச்சு. எனக்கு அங்க ஒரு பயமும் இல்ல. கன்னியாஸ்திரிங்கதான் வீணாக் கவலைப்படறாங்க."

அவர் நிம்மதியாகி, நல்லபடியாகப் போய் வா என்று வாழ்த்தினார். நான் விளக்கை அணைத்துவிட்டு வெளியே வந்தேன். அவள் எழுந்து நின்றாள். "போன் வரவே இல்லையேம்மா" என்றேன். இருட்டும்வரை காத்திருந்தாள். போகும்போது சாக்லேட்டுக்கு நன்றி சொன்னாள்.

விமானத்தில் ஏற்றினார்கள். அங்கே இறங்கிய இடத்திலேயே பிடித்துக்கொண்டார்களாம். அதற்குப் பிறகு அவளைப் பற்றி ஒன்றும் தெரியாது. அவளுடைய தங்கை பல வருஷம் கடிதம் போட்டு விசாரித்துக்கொண்டிருந்தாள் என்று கேள்வி. உங்கள் கைப்பையில் தொங்கும் அட்டையில் போலேக்கா என்று இருப்பதை நீங்கள் உள்ளே வந்ததுமே பார்த்துவிட்டேன். தங்கையின் மகளா, பேத்தியா என்றுதான் தெரியவில்லை. சொல்ல வேண்டாம்.

இப்போது உங்கள் கேள்வி. எப்போது தெரிந்தது?

நான் போலீஸுக்குப் போன் செய்த பிறகு, அந்தக் காட்சிக்குப் பேசுவதற்கு முன்னால் தெரிந்தது. எவரிஸ்தோ டேப்போடு வந்தான். அறைக்கு வெளியே போகச் சொன்னபோது கருவியை நிறுத்தாமல் வைத்துவிட்டு வந்திருக்கிறான், உள்ளே நடப்பது சரியில்லை என்று அவனுக்குப் பட்டிருக்கிறது. ஹெட்போனை என் காதில் மாட்டினான். பாப்லோவின் குரல் கேட்டது. "கைய எடு. மூடாத. எடுக்கலேன்னா நாளைக்கே மலாபோவுக்கு விமானம், போலீஸ்ல எனக்கு ஆள் இருக்கு." பிறகு அவள். கன்னியாஸ்திரிகள் அடித்துச் சொல்லிக்கொடுத்த சுத்தமான ஸ்பானிஷில், மலாபோவுக்கு வேண்டாம், மலாபோவுக்கு வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். பிறந்த ஊரை அவள் அந்தப் பெயரால் சொல்லி நான் கேட்டது அப்போது மட்டும்தான்.

"நான் கேட்டா என் வேலை போயிடும், தோஞா துலியா. நீங்க சொன்னா அவரு கேப்பாரு" என்றான் எவரிஸ்தோ. கண் கலங்கியிருந்தது அவனுக்கு. பார்க்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.

பிறகு ரீலை மறுபடி ஓட்டிப் பார்த்தேன். சத்தத்தை எடுத்துவிட்டால் பாப்லோ என்றுதான் இருந்தது. யோசித்துப் பாருங்கள். அந்தச் சொல் மலாபோ என்றால், நான் கட்டிக்கொண்டவர் ஒரு மிருகம். அழுதுகொண்டிருந்த ஒரு பெண்ணை நான் போலீஸில் கொடுத்திருக்கிறேன். என்னை ஆசையோடு தொடாத மனிதர் எவளையும் அப்படித் தொட்டதில்லை. பாப்லோ என்றால், நான் ஏமாற்றப்பட்ட ஒரு மனைவி, அவ்வளவுதான். உதட்டுக்கு இரண்டும் பொருந்துகின்றன. இரண்டில் எதை வைப்பது என்று முடிவு செய்வதற்குத்தான் எனக்குச் சம்பளம். அதனால் அவள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது எனக்குத் தெரியும். போனை எடுத்தபோதும் தெரியும்.

அவளுடைய சொந்தக் குரலைப் படத்தில் வையுங்கள், நான் தடுக்கவில்லை. தடுக்க எனக்கு உரிமையும் இல்லை. ஆனால் என்னைப் பற்றி எழுதும்போது ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள். பாப்லோ வாயைத் திறக்கவில்லை, எவரிஸ்தோ வேலைக்குப் பயந்தான், கன்னியாஸ்திரிகள் ஜெபம் செய்துகொண்டிருந்தார்கள். இந்த மத்ரீத் நகரத்தில் அன்றைக்கு அவளுக்காகக் குரல் கொடுத்தது நான் ஒருத்திதான்.